கன்டெய்னர் ரோட்டில் ஒரு சாயா

பிப்ரவரி 3

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கொச்சி கன்டெய்னர் ரோட்டில், பழுதான வண்டி ஒதுங்குவதற்காக விட்டிருக்கும் ஓரத்தடத்தில், நாணு சாயா வண்டி போட்டிருக்கிறான். சித்தப்பா மகன். என் அப்பா சாவுக்கு வராதவன். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

அவன் கிடக்கட்டும். லாரி பறக்கிற இடத்தில் நாற்காலி போட்டு சாயா குடிக்க ஜனங்களுக்கு எப்படி மனம் வருகிறது? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

பிப்ரவரி 5

இன்றும் அந்த வழியாகத்தான் வந்தேன். நிறுத்தவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வல்லார்பாடத்துக்கு முன்னால் எங்கள் கார் பானெட்டிலிருந்து புகை. ஒதுங்கலாமென்றால் ஓரத்தடம் முழுக்கக் கார், பைக், நாற்காலி. பாதி வண்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது. யோசிக்காமல் வலதுபக்கக் கதவைத் திறந்தேன் — ஒரு லாரி உரசாத குறை. என் மனைவி பாக்கியலக்ஷ்மியோ வண்டிக்குப் பின்னால் போய் நின்று முந்தானையை வீசுகிறாள்!

"அங்க எதுக்குடி நிக்கிற? சாகவா?"

"பின்ன யாரு கைகாட்டுவா, நீங்களா?"

இவளை இழந்திருப்பேனே. வண்டிக்குப் பின்னால் வைக்கவேண்டிய எச்சரிக்கை முக்கோணப் பலகை டிக்கியில், உறை பிரிக்காமல்.

நாணுதான் ஆட்களோடு ஓடிவந்தான். நாற்காலிகளை ஒதுக்கி, காரை உள்ளே தள்ளினார்கள். பிறகு கிளாஸை நீட்டினான்: "ஒரு சாயா குடிக்க மாஷண்ணன் இத்தர பாடுபடணுமா?" வாத்தியார் என்பதால் நான் எல்லோருக்கும் மாஷ். எல்லோரும் சிரித்தார்கள். குடித்தேன். நல்ல சாயாதான். பக்கத்துக் காயல் தண்ணீரிலிருந்து காற்று. மட்டாஞ்சேரியில் எங்கள் வீடுகளுக்குள் நுழையாத காற்று. ஓ, இதற்குத்தானா!

பிப்ரவரி 11

சாயா வண்டியை ஓரத்தடத்திலிருந்து எடுத்துவிடும்படி நாணுவிடம் போய்ச் சொன்னேன். நாணு வாய் திறக்குமுன் அவன் மனைவி ரோஜா: "ஆறு வருஷமா மிண்டாத ஆளு. நாங்க நல்லாருந்தா பொறுக்கலை, சட்டம் பேச வந்துட்டாரு."

பொறாமையா எனக்கு? கொஞ்சம் இருக்கலாம். அதற்காக லாரி பொய்யாகிவிடுமா?

பிப்ரவரி 14

பாலம் இறங்கியதும் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு காலி மைதானம். சாயங்காலம் போய் நின்று பார்த்தேன். அதே காற்று.

பிப்ரவரி 15

ஒரு நோட்டீஸ் எழுதிவிட்டேன். தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் இளசுகளுக்காக மலையாளத்திலும். ஓரத்தடம் பழுதான வண்டிக்கு மட்டும். இடது ஓரம் ஒட்டி நிறுத்துங்கள், நாலு விளக்கையும் போடுங்கள், இடப்பக்கமாக இறங்கிக் கம்பிவேலிக்கு அப்பால் போய் நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்க வேண்டாம். சாயாவுக்கு மைதானம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது.

கீழே பெயர், எம்.ஏ. எல்லாம் போட்டேன். பெயரைப் பார்த்தால் நாணு மிச்சத்தைப் படிக்க மாட்டான். அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டேன். பெயரில்லாமலே எங்கள் பஜார் முனையில் ஒட்டப்போகிறேன்.

பாக்கியலக்ஷ்மி மைதாப் பசை காய்ச்சுகிறாள்.