ஒரு சாண் வலப்பக்கம்

நாம்ஸோஸ்
செப்டம்பர் 29

அன்புள்ள தம்பி ஐவிண்டுக்கு,

நானும் வில்டேயும் சுகம், கூரை ஒழுகவில்லை, பூனைக்குத்தான் வயதாகிவிட்டது. மற்ற சேதியெல்லாம் அப்புறம். என் மகள் வில்டே எல்க் மான் அடித்துவிட்டாள்! ஒரே குண்டு. அதுவும் அப்பாவின் துப்பாக்கியில்.

கோபப்படாதே. பதினோரு வருடத்துக்கு முன் அதை இரும்பு அலமாரியில் பூட்டி, இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நீ சிலிக்கு மீன்பண்ணை வேலைக்குப் போனாய். நானும் தொடவில்லை. வில்டேவுக்குப் பதினெட்டு முடிந்ததும், "மாமா துப்பாக்கி சும்மா கெடக்கும்போது எனக்கு வேற எதுக்கும்மா?" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

துருவைத் துடைத்தேன். பிறகு குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை விட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, வலப்பக்கம் மாட்டிக்கொண்டது. இருபது வருடமாகப் படகுக்கு மரம் இழைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? கட்டை ஊதிக் குழலை இடப்பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை ஊற ஊறப் பூசி, வேலை முடியும்போது சுடும் தேர்வுக்கு ஒரே நாள் பாக்கி.

தேர்வன்று நல்ல மழை. ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழுந்தால்தான் வேட்டைக்குப் போகலாம். ஹால்ஸ்டைன்தான் இன்னும் வேட்டைக்குழுத் தலைவர். "உங்க தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அந்தத் துப்பாக்கிக்கு ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறி வை" என்றார். நம் வீட்டு வேதவாக்காயிற்றே, வில்டேயும் தள்ளித்தான் வைத்தாள். ஐந்தும் வட்டத்துக்கு வெளியே, வலப்பக்கம், ஒரே இடத்தில்! துப்பாக்கியில் இப்போது ஏதோ மாறியிருக்கிறது என்று நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, மனிதர் எல்லோர் முன்னாலும், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மாமன் கை அப்படியே வந்திருக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வில்டே காதோடு சொன்னேன்: "தாத்தா சொன்னதத் தூக்கிப் போடு. நடுவுல பாத்துச் சுடு." மறுபடி ஐந்து. ஐந்தும் நட்டநடு வட்டத்தில்.

அங்கேயே, மழையில் நின்றபடியே எனக்கு விளங்கியது, தம்பி. ஈரத்தில் கட்டை ஊதியதால்தான் அந்தத் துப்பாக்கி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. நான் தேய்த்து எண்ணெய் ஏற்றியபின் மழையிலும் கட்டை ஊதவில்லை. அப்பா வேட்டையாடியதெல்லாம் மழையில். பதினோரு வருடத்துக்கு முன் நீ சுட்ட அந்தக் காலை எப்படி இருந்தது? மூன்று வாரம் மழையில்லை, புல்லெல்லாம் உறைபனி. கட்டை சுருங்கி, துப்பாக்கி நேராக இருந்திருக்கிறது. நீதான் அப்பா சொல்லைத் தட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தாய். தோளில் பட வேண்டியது வயிற்றில் பட்டது. அந்த மானைத் தேடி இரண்டு நாள் நீ காட்டில் அழுதுகொண்டே அலைந்தாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! உன் கையில் குற்றமே இல்லை. இதை நான் ஹால்ஸ்டைன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

நேற்று முன்தினம் உறைபனிக் காலையில் வில்டே நேராகக் குறிவைத்து அடித்த மான் பத்தடிகூட ஓடவில்லை. மாலையில் கறியைக் கூறு போட்டோம். வேட்டைக்குப் போனவர்கள் ஏழு பேர். ஹால்ஸ்டைன் எட்டுக் கூறு போடச் சொன்னார். வழக்கம்போல, பாரபட்சம் வராமலிருக்க அவர் கறிக்கு முதுகைக் காட்டி நிற்க, நான் ஒவ்வொரு கூறாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டேன். ஏழு பேர் பெயரும் சொல்லியாயிற்று. எட்டாவதைத் தொட்டேன்.

"ஐவிண்டுக்கு" என்றார். அப்புறம் வெகுநேரம் அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

உன் கூறு என் ஃப்ரீசரில் இருக்கிறது. அனுப்பமாட்டேன். நேரில் வந்து வாங்கிக்கொள். கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தின்றுவிட்டுத் திரும்பிப் போக வேண்டுமென்றால் போ. போகாவிட்டாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டோம்.

உன் அக்கா,
ஹெர்டிஸ்