நாலு தட்டு

ஜூலை 8, திங்கள்
மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் அவருடைய ஜீப்பு மழையால் பாதி நாள் சும்மா நிற்கிறது. இனி வீட்டில் ரேஷன் அரிசிதான். வெந்நீரில் உப்புப் போட்டுக் களைந்தால் வாடை கொஞ்சம் போகிறது. திங்கள் கொள்ளுக் குழம்பு, செவ்வாய் முருங்கைக்கீரை, புதன் கேப்பைக்களி. ஞாயிறு மட்டும் முட்டை. நாலு வயிறு - அவர், நான், மகள் பவதாரணி, அவர் தங்கச்சி அனுசியா. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அனுசியா இங்கேதான். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறாள், கூலியை அண்ணன் கையில் கொடுக்கிறாள். சரி. அதற்காக மூன்று வேளையுமா?

ஜூலை 14, ஞாயிறு
முட்டை மூன்று. அனுசியா தன் தட்டைப் பார்த்துவிட்டு வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே.

ஜூலை 22, திங்கள்
அவளுக்குக் காலைக் களியை நிறுத்திவிட்டேன். "மலை வளைவுல வயித்துல ஒண்ணுமில்லாம இருந்தாத்தான் தாயி வாந்தி வராது" என்றேன். தலையாட்டினாள். அவர் வண்டியைத் துடைக்க விடியுமுன்னே போய்விடுகிறார். அவருக்குத் தெரியாது. மிஞ்சிய மாவில் சாயங்காலம் பவதாரணிக்கு அடை. வளர்கிற பிள்ளை. நான் செய்வது தப்பா? இல்லை.

ஜூலை 31
இந்த மாதம் கேப்பை மாவு மிஞ்சியது!

ஆகஸ்ட் 5, திங்கள்
அனுசியா தோட்டத்துச் சரிவில் மயங்கி உருண்டுவிட்டாள். மணிக்கட்டு முறிவு. கட்டுப் போட்டு அவர்தான் ஜீப்பில் கூட்டிவந்தார். கூட வந்த ராமுத்தாய், அவளோடு காய் எடுப்பவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "தெனமும் வெறும் வயித்தோட வர்றாய்யா உன் தங்கச்சி! நீ ஓட்டுற ஜீப்புலதான உக்காந்து வர்றா?"
அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நான் யாருக்காகச் செஞ்சேன்? எனக்கு நகை வாங்கவா?

ஆகஸ்ட் 6
அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
அனுசியா கட்டுப்போட்ட கையோடு மலைக்கே போய்விட்டாள். தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீடுகளில், ராமுத்தாய் வீட்டில் இருக்கப்போகிறாளாம். "சாப்ட்டுப் போ" என்றேன், அவர் காதில் விழும்படி.
"சாப்புடாமப் போயே பழகிப்போச்சு மதினி."

அக்டோபர் 14, திங்கள்
அவள் கூலி நின்றதிலிருந்து ரேஷன் அரிசிக்குக் குழம்பு வைப்பதே பாடாக இருக்கிறது. "நாளைலருந்து நீயும் காய் எடுக்க வா" என்றார். இத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு.

அக்டோபர் 17, வியாழன்
மதியம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்ததை ஒருத்திக்கொருத்தி பகிர்ந்துகொண்டார்கள். அனுசியாவும் இருந்தாள். கை தேறிவிட்டது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. என்னிடம் வெறும் சோறும் ஊறுகாயும். அன்று என்னைச் சந்தி சிரிக்க வைத்த ராமுத்தாய்தான் ஒரு துண்டு கருவாட்டை நீட்டினாள்.
"மதினி கவுச்சி சாப்புட மாட்டாங்க" என்றாள் அனுசியா, சிரித்தபடி.
சாப்பிடுவேன். அவளுக்குத் தெரியும்.
எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ராமுத்தாயின் கை நீட்டியபடியே இருந்தது.
"ஆமா, சாப்புட மாட்டேன்" என்றேன்.