ஏரிக்கரை ஊரில் தம்பி தேறினான்

செவ்வாய் இரவு, ஒக்டோபர்

படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

தம்பி சுவிசில் ஏரிக்கரையோரம் ஒரு சின்ன வைன் ஊரில் இருக்கிறான். சரிவு முழுக்கத் திராட்சை, ஒரு பேக்கரி, ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். குடியுரிமை கேட்டால் ஊர்ச்சபையார் அந்த ஊரைப் பற்றியே கேள்வி கேட்பார்கள். போன வருடம் பயத்தில் வாய் திறக்காமல் தோற்றுவிட்டான். அதனால் இந்தமுறை நான் வேலை செய்யும் பாரிஸ் லா சப்பல் கடைக் குசினியில் ரோல்ஸ் சுற்றியபடி, போனில் நான்தான் அவனுக்கு வாத்தியார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத வாத்தியார்!

இன்று பின்னேரம் போன் வந்தது. "அக்கா..." என்றான். சுற்றிய ரோல்ஸை அப்படியே வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"சொல்லித் துலையன்ரா!"

"ஊரிலை எத்தினை சனம் எண்டு கேட்டாங்கள். நீ பாடமாக்கித் தந்த கணக்கைச் சொல்லிப்போட்டு, நேற்றுப் பேக்கரிக்காரிக்குப் பெம்பிளைப்பிள்ளை பிறந்தது, அதோடை ஒண்டு கூட எண்டன். கேட்ட மனுசன் எழும்பி வந்து கட்டிப்பிடிச்சிட்டார். அவர்தான் அந்தப் பிள்ளையின்ரை அம்மப்பா! நான் பாஸ், அக்கா!"

நான் போட்ட கூச்சலில் கடை முதலாளி ஓடிவந்தார். "என்ன பிள்ளை, எண்ணெய் கொட்டிட்டுதோ?"

"இல்லை அண்ணை, என்ரை தம்பி சுவிஸ்காரன்!"

ஆனாலும் அவனுக்குத் தலைக்கனம் வரக்கூடாதே. போனை வைக்கும் முன் சொன்னேன்: "சுவிஸ்காரர், ஏரிக்கு அங்காலை தெரியிற மலை பிரான்ஸ்தானே? விடிய எழும்பி யன்னலைத் திறந்தால் உங்கடை கண்ணிலை முதல் படுற முழிவியளம் என்ரை நாடுதான்!"