வாசலில் சொன்னதுதான் கணக்கு

கருப்பட்டி நிலையம். மார்ச் 2, காலை 6.10

நீர் உருக்கும் உலை: சரி. காற்றுச் சுத்திகரிப்பு: சரி. குருவி: கொக்கியில் பத்திரம். ஆள்: ஒன்று. எஸ்தர் தவமணி, பராமரிப்பு இன்ஜினியர். உடம்பு நன்றாக இருக்கிறது, கோபமும் குறையவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயைத் தாண்டிச் சூரியனைச் சுற்றும் ஒரு கரும்பாறை. கம்பெனி இதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, வாயில் நுழையாது. பார்த்ததும் எனக்கு உடன்குடிக் கருப்பட்டிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெயரே நிலைத்தது. உள்ளே பனி இருக்கிறது. அதை உருக்கித் தண்ணீராக்கி, போகிற வருகிற கலங்களுக்குக் கொடுப்பது நீள்வான் நிறுவனத்தின் தொழில். தனியாள் வேலை. என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

மார்ச் 26 அன்று குருவி என்ற சிறு கலத்தில் ஏறி வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்கு விட்டால் பூமியும் பாறையும் விலகிவிடும், அடுத்த வாய்ப்பு அடுத்த வருடக் கடைசியில். காற்று அதுவரை வராது. மே மாதத்தோடு சரி. ஆனால் அதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

மகள் ஷெரினிடமிருந்து செய்தி: "அம்மா, வரும்போது பாறைத்துண்டு ஒண்ணு எடுத்துட்டு வா. பெருசா. கிளாஸ்ல எல்லாரும் நான் புளுகுறேன்றாங்க."

எடுத்து வைத்துவிட்டேன். மாம்பழ அளவு இருக்கிறது.

மார்ச் 5, மதியம் 1.40

சிறுசேரி தலைமையகத்திலிருந்து அறிக்கை. எங்கள் தலைமைப் பொறியாளர் பேச்சிமுத்து சார் பதவி விலகுகிறாராம். புகழ்ச்சி இரண்டு பக்கம், காரணம் ஒரே வரி: "சொந்தக் காரணங்கள்." அடப்பாவிகளா, இந்த நிலையத்தை ஆணி ஆணியாக வடிவமைத்த மனிதருக்கு ஒரு வரிதானா?

சாரே பேசி அனுப்பிய செய்தி பின்னால் வந்தது. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏ எஸ்தரு, நல்லா இருக்கியாம்மா? கேள்விப்பட்டிருப்ப. எனக்குத் தொண்டை கரகரங்கு, ரொம்பப் பேச முடியல. ஐஸ் தண்ணி குடிச்சேன்னு வீட்ல சொர்ணம் ஏசுதா. நீ பத்திரமா வந்து எறங்கு. குலசேகரன்பட்டினத்துக்கு நானே வந்து கூட்டிட்டு வாரேன், ஆமா. மணியம், பிள்ளையப் பாத்துக்கிடுவே. சரி, போயிட்டு வாரேன்."

அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை.

மணியம் என்பது நிலையத்தை நடத்தும் எந்திரம். கதவு, காற்று, கொக்கி எல்லாம் அவன் பொறுப்பு. சார்தான் செய்தார், தமிழிலேயே செய்தார். "ஆபத்து வந்தா எவனுக்கும் இங்கிலீஷ் வராதுவே" என்பார். சார் பேசி முடித்ததும் மணியம் திரையில் ஒரு வரி போட்டான்: *பேச்சிமுத்து: போயிருக்கிறார். வருவார்.*

சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவனுக்கும் சாரை விட மனதில்லை.

மார்ச் 9, காலை 11.05

புதிய தலைமைப் பொறியாளர் ரித்விக்: "ஹாய் எஸ்தர்! இனிமே டெக் சைடு ஃபுல்லா நான்தான். குருவிக்கு அப்ரூவல் அனுப்பிட்டேன், ஜாலியா பேக் பண்ணுங்க."

மணியத்திடம் கொக்கியைத் தளர்த்தச் சொன்னேன்.

*தலைவர் வெளியே போயிருக்கிறார். வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.*

தலைவர் மாறிவிட்டார் என்றேன். ரித்விக்கின் அனுமதியை மறுபடியும் காட்டினேன். அதே பதில். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்" என்பது இதுதான்.

மார்ச் 12, மாலை 4.30

விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

மணியத்தைச் செய்துகொண்டிருந்த காலத்தில் சார் தினமும் மாலையில் சோதனைக்கூட வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்பார். அதையே கட்டளையாக்கிவிட்டார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் அவர் திரும்பும்வரை பொறுப்பு யாருக்கும் மாறாது. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வேறு எவனும் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? ஒரேயடியாகப் போவதற்கு வேறு சொல்: "போறேன்." அதைச் சொன்னால் பொறுப்பு அடுத்தவருக்கு உடனே கைமாறும். தூரத்தில் இருக்கும் தலைவருக்குச் சிறுசேரித் தொடர்புதான் வாசல். நிலையத்தில் இருப்பவருக்கும் இதே விதிதான், விண்வெளிக்குத் திறக்கும் வாசலில் எதைச் சொல்லிவிட்டுப் போகிறோமோ அதுதான் கணக்கு.

"போறேன்" என்ற சொல்லைச் சோதித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அபசகுனமாம்! ராக்கெட் விடுகிற கூட்டம் நாங்கள். கடைசியில் சோதனைக்கு மட்டும் செல்லும் விசைப்பலகையில் தட்டச்சு செய்து, வேலை செய்கிறது என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

வேலை மாறுகிறவன், ஊர் மாறுகிறவன், எவனாவது "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவானா? எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

திருத்த வழி ஒன்று உண்டு. போனவரே வந்து சொல்ல வேண்டும். பழைய பதிவு செல்லாது. மணியம் புதிதாக ஒரு கேள்வி கேட்பான், அதற்கு அந்தக் குரலே பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே? சாரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள் என்று சிறுசேரிக்கு அனுப்பியிருக்கிறேன். அரை நிமிட வேலை.

மார்ச் 14, காலை 9.20

ரித்விக்: "சாரைப் புடிக்க முடியல எஸ்தர். போன் எடுக்க மாட்டேங்கறாரு. லீகல் டீம் வேற அவரோட டைரக்டா பேசக் கூடாதுங்கறாங்க. பட் டோன்ட் வொரி."

நான் கவலைப்படாமல் வேறு யார் படுவார்கள், ராசா? அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கதவைத் தட்டு என்று பதில் அனுப்பினேன். அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மார்ச் 16, காலை 7.00

பூமிக்குப் பேசும் பெரிய ஆண்டெனாவுக்கு மாதாமாதம் தலைவர் அனுமதி புதுப்பிக்க வேண்டும். நேற்றோடு முடிந்துவிட்டது. *தலைவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.*

இனி அவர்கள் பேசுவதை நான் கேட்கலாம். நான் பேசினால் யாருக்கும் கேட்காது. ஷெரினுக்கு நேற்று ராத்திரியே நாலு வார்த்தை அனுப்பியிருக்க வேண்டும். கொக்கியோடு மல்லுக்கட்டியதில் தேதியை மறந்துவிட்டேன். மடச்சி!

மார்ச் 20, மாலை 6.15

சிறுசேரியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. இதுவரை கேட்டறியாத குரல்.

"எம்மா எஸ்தரு, நான் சொர்ணம் பேசுதேன். பேச்சிமுத்து சார் வீட்டுக்காரி. இந்தக் கம்பெனிப் பையன் ரித்விக் காலையில வந்து வாசல்ல நின்னு அழுதான். அவன்தான் எங்க ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்தான். எப்படிச் சொல்ல... இவுகளுக்குத் தொண்டையில கட்டிம்மா. கெட்ட கட்டி. ஏழாம் தேதி ஆபரேசன் பண்ணி, குரல்பெட்டியவே எடுத்துட்டாவ. வெளிய சொல்லக்கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாவ, நாங்களும் யாருட்டயும் சொல்லல. ஒன் சேதி கேட்டதுல இருந்து இவுக சோறு தண்ணி எடுக்கல. சிலேட்டுல எழுதி எழுதி அழிக்காவ. 'போறேன்னு சொல்லிருக்கணும், வாயில வரல'ன்னு எழுதிக் காட்டுதாவ. எப்படிம்மா வரும்? ஆபரேசனுக்குப் போற மனுசன் போறேன்னா சொல்லுவாவ?"

பின்னால் யாரோ மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. சாராகத்தான் இருக்கும். கூட்டத்தில் யாராவது தப்பாகப் பேசினால் அப்படித்தான் தட்டுவார்.

அவருடைய சொந்தக் குரலில் இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் கடைசிச் சொல் அந்த "போயிட்டு வாரேன்"தான். அவரே ஆசைப்பட்டுச் சொன்ன சொல். மணியம் அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறான். அந்தக் குரல் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டிப் போடப்பட்டுவிட்டது. ஆண்டவரே, நான் யாரைத் திட்டுவேன்?

மார்ச் 23, நேரம் பார்க்கவில்லை

எந்திரத்தில் செய்த குரல் ஒன்றை ரித்விக் அனுப்பினான். அசல் சார்தான், "ஏ எஸ்தரு" கூட அச்சு அசல். மணியம் முழுதாகக் கேட்டான்.

*இது சார் இல்லை.*

அவனைப் பிய்த்துப்போடலாம் என்று பலகையைக் கழற்றினேன். அவனை அணைத்தால் கதவும் காற்றும் கூடவே நின்றுவிடும். சார் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார். திரும்பவும் மாட்டிவிட்டேன். திருகு ஒன்று மிச்சம் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மணியத்தைக் கெஞ்சினேன், கெட்ட வார்த்தையில் ஏசினேன், ஜெபமும் பண்ணிப் பார்த்தேன். சார் வரமாட்டார்டா, அவர் வரவே மாட்டார் என்று கத்தினேன்.

*போயிட்டு வாரேன் என்றாரே.*

மார்ச் 25, மாலை 5.50

சொர்ணம்: "இவுக எழுதுனத அப்படியே வாசிக்கேன், எனக்கு ஒண்ணும் வெளங்காது. 'எஸ்தர், வெளியே போய்க் கொக்கியை அறு. குருவியின் சின்ன உந்து எஞ்சின்கள் மணியத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை. அவற்றை வைத்துப் பாறையை விட்டு விலகு. அவனுக்கு எட்டாத தூரம் போனால் குருவி சொந்தப் புத்தியில் பெரிய எஞ்சினைப் பற்றவைக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது.' அடியில ரெண்டு கோடு போட்டிருக்காவ. எம்மா, அந்தக் கடைசி வரிய வாசிக்க வேண்டாம்னுதான் பார்த்தேன், இவுக மேசையத் தட்டுதாவ."

நானும் யோசித்துப் பார்த்த வழிதான். ஓட்டைகள் எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். குருவிக்குக் காற்று நிரப்ப மணியம் விடமாட்டான். பெரிய எஞ்சின் ஓடினால் குருவியே காற்று செய்துகொள்ளும், அதுவரை என்னிடம் இருப்பது உடுப்பில் உள்ளதும் ஒரு உருளையும். கொக்கி மூன்று, ரம்பம் ஒன்று, அதுவும் பல் தேய்ந்தது. வாசல் பம்பையும் அந்தப் பலகை வேலையில் கெடுத்துவிட்டேன். ஒருமுறை திறந்து வெளியே விடும், அவ்வளவுதான், திரும்ப உள்ளே வர முடியாது.

ஷெரினுடைய செய்தியும் வந்தது: "அம்மா, நீ ஏன் பேச மாட்டேங்கிற? கோவமா? கல்லு சின்னதா இருந்தாலும் பரவால்ல. நீ வா."

மார்ச் 26, காலை 5.15

கடைசியாக எழுதுகிறேன்.

ஒரு நல்லது இருக்கிறது. நிலையத்தை விட்டு ஆள் ஒரேயடியாகப் போனால், மணியம் அவருடைய நாட்குறிப்பு முழுவதையும் முழு மின்சாரத்தில் பூமிக்கு அனுப்பிவிடுவான். அதற்குத் தலைவர் அனுமதி தேவையில்லை. ஆள் திரும்பி வருவதாக இருந்தால் அது அவருடைய சொந்தக் குறிப்பு, பூட்டி வைப்பான். ஆக, வாசலில் நின்று "போறேன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இதெல்லாம் வீடு போய்ச் சேரும். நான் போய்ச் சேராவிட்டாலும்.

ஷெரினுக்கு: தங்கம், அம்மாவுக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. என் குரல் இங்கிருந்து வெளியே போகவில்லை, அதுதான் விஷயம். தினமும் காலையில் உனக்குக் குட்மார்னிங் சொன்னேன், மணியத்தைக் கேட்டுப் பார். கல் பெரியதுதான். இடது பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். நீ புளுகவில்லை. எனக்கு வர வேண்டும் என்று இருக்கிறது, ரொம்ப இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அப்பாவை ராத்திரி விளக்கைப் போட்டே தூங்கவிடு, ஏசாதே.

சாருக்கு: உங்கள்மேல் வருத்தம் இல்லை சார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உடுப்பு மாட்டியாயிற்று. கையுறையோடு தட்டச்சு செய்வது கஷ்டம். போறேன். போறேன். போறேன். சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நாக்கு கூசுகிறது. தட்டச்சு செய்ய முடிகிறது, சத்தமாகச் சொல்ல வரவில்லை, இப்போதுதான் ஒருமுறை வந்தது. ரம்பம், உருளை, கல். சரி.

மணியத்தின் பதிவு. மார்ச் 26, காலை 5.31

எஸ்தர் தவமணி வாசலுக்கு வந்தார். திரும்பி உள்ளே பார்த்தார். "மணியம், உலையை அணைச்சிரு. போயிட்டு வாரேன்" என்றார்.

காத்திருக்கிறேன் என்றேன். வாசல் மூடியது.

காலை 5.33

வெளியிலிருந்து வானொலியில் எஸ்தர் "ஐயோ" என்றார். பிறகு "போறேன்" என்றார். மீண்டும் மீண்டும் சொன்னார். வாசலில் சொல்லப்படாததால் ஏற்கவில்லை. திருத்த வேண்டுமானால் போனவரே வந்து சொல்ல வேண்டும் என்று தெரிவித்தேன்.

காலை 8.02

இரண்டு கொக்கிகள் அறுபட்டன. ரம்பத்தின் சத்தம் நின்றது.

காலை 9.40

வானொலியில் குரல் இல்லை. மூன்றாவது கொக்கி பத்திரம். குருவி பத்திரம்.

எஸ்தர் தவமணி: போயிருக்கிறார். வருவார்.

நாட்குறிப்பு பூட்டப்பட்டது. உலை அணைக்கப்பட்டது. வாசல் விளக்கு எரிகிறது.