பொழுது சாயுமுன்

என்னங்க,

ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா?

சற்று முன் போனில் சின்னவன் என்னை வசமாக மடக்கிவிட்டான். "பல்லு விழறதுக்குள்ள வரேன்னீங்க. விழுந்துடுச்சு. பொய் சொல்லக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டு, போனை வைத்துவிட்டான். சலவை அறையில் என்னோடு வேலை செய்கிற எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பொழுது சாயுமுன் சமாதானமாகிவிட வேண்டும் என்பதும் நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே. அங்கே ஊரில் இருட்டியிருக்கும். இந்த நாட்டில் ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கிறது. அது போவதற்குள் அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டாள் என்று சொல்லுங்கள்.

விழுந்த பல்லை எறிந்துவிடாதீர்கள். செருப்பு வாங்க, அவன் பாதத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். கோபம் ஆறாவிட்டால் தூங்கும்போது வரையுங்கள்.

வெயில் இறங்குகிறது. முடிக்கிறேன்.

அவனுடைய அம்மா