இரண்டு குழாய் ரத்தம்

நாள் 212 – 08:10
செவ்வாய், வடக்கு நிலையம். எழுதுவது மருத்துவர் நாச்சியார். வெளியே மைனஸ் 71. நிலையத்தில் இருவர்தான்: நானும் தண்ணீர்ப் பொறியாளர் சேவியரும். ஆண்டுப் பரிசோதனைக்கு இருவரின் ரத்தமும் எடுத்தேன்.

நாள் 212 – 15:40
சர்க்கரை இருவருக்கும் சரி. அடிப்போநெக்டின் சரியில்லை. கொழுப்பிலிருந்து சுரக்கும் ஹார்மோன் அது. குறைந்தால் சில ஆண்டுகளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். சேவியருக்கு 11.2. எனக்கு 2.9. குறைந்தவர் பூமிக்குத் திரும்ப வேண்டும், விதி. கப்பல் ஒன்பது நாளில். இந்த மண்ணில் நான் வளர்க்கும் பாசி இப்போதுதான் பச்சை கட்டுகிறது.

நாள் 212 – 18:05
குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டினேன். அறிக்கை போய்விட்டது.

நாள் 213 – 09:30
கிணற்றிலிருந்து சேவியர், வானொலியில்: "டாக்டர், வராத நோய்க்கு என்னை வீட்டுக்கு அனுப்புவீங்களா? இன்னும் நாப்பது மீட்டர் போனா தண்ணி."
"விதி, சேவியர்."

நாள் 221 – 11:00
சேவியரோடு கப்பல் கிளம்பியது. கிணற்றுப் பம்பை எப்படி ஓட்டுவது என்று நாலு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நாள் 790 – 07:20
சர்க்கரை 318. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. இன்சுலின் இருப்பு பன்னிரண்டு குப்பி. அடுத்த கப்பலுக்கு 190 நாள். பூமிக்குத் தெரிவித்தேன்.

நாள் 803 – 08:00
பூமியிலிருந்து சேவியர்: "உங்க சர்க்கரை அளவைப் பாத்தேன். எனக்கு இங்க மூணு தடவை பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்ல. குழாய் மாறிப்போயிருக்கும் டாக்டர். வேலை அலுப்புல யாருக்கும் நடக்கறதுதான், மனசுல வச்சுக்காதீங்க. உங்களோட பேசற வேலையைக் கட்டுப்பாட்டு அறையில கேட்டு வாங்கிட்டேன். இனி தினம் காலைல நான்தான் பேசுவேன்."

நாள் 846 – 08:15
நாற்பத்துமூன்று காலையும் பேசினார். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஐந்து குப்பி.
நான் அனுப்பியது: "மாறிப்போகல, சேவியர். நான்தான் மாத்தினேன்."
அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை கழுவினேன்.

நாள் 847 – 08:00
புதுக் குரல்: "வணக்கம் டாக்டர், நான் ரேணுகா. சேவியர் சார் வேற பிரிவு கேட்டுப் போயிட்டார். இன்னிக்கு அளவு சொல்லுங்க."
402. சொன்னேன்.

நாள் 871 – காலை
கடைசிக் குப்பி. தாகம். எழுத்து இரண்டிரண்டாகத்
ரேணுகா கேட்கிறார்: "டாக்டர், அளவு?"
திரையில் எண் இருக்கிறது. படிக்க முடியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்