அப்பாவின் சுவெற்றர்

சன் ஹோசே
14 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கதைத்தால், "சாப்பிட்டியோ பிள்ளை? இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்" என்று ஓடிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும், சரியோ?

விண்ணப்பம் போட்டுவிட்டேன்! பெரியம்மா வீட்டிலிருந்து அரை மணித்தியாலம், அந்தப் பெரிய தனியார் பல்கலைக்கழகத்துக்குத்தான். சமூகக் கல்லூரியில் படித்த இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொண்டால் நேரே மூன்றாம் வருடம். நூறு பேர் கேட்டால் இரண்டு பேரைத்தான் எடுப்பார்களாம். எனக்காகப் பரிந்துரை எழுதியது யார் தெரியுமா? கணிதப் பேராசிரியர்! அங்கே மவுண்ட் ரோஸ்கில் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவளுக்கு! சிரிக்காதேங்கோ.

ஒன்று கேட்க வேண்டும். தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படத்தைத் தம்பி தனோஜன் அனுப்பியிருந்தான். அதில் நீங்கள் ஒரு மெரூன் சுவெற்றர் போட்டு நிற்கிறீர்கள். நெஞ்சில் அதே பல்கலைக்கழகத்தின் பெயர், அதன் கீழே ஆங்கிலத்தில் 'அப்பா' என்று. நான் இப்போதுதானே விண்ணப்பமே போட்டிருக்கிறேன்! அது எப்படி உங்களிடம் வந்தது?

உங்கள் நிசா


மவுண்ட் ரோஸ்கில்
22 மார்ச் 2025

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

உன் கடிதத்தை பஸ் டிப்போவில் வாசித்துவிட்டுத் துள்ளினேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு லொத்தர் விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கணிதப் பேராசிரியரோ! அடி ஆத்தே!

சுவெற்றர் விசயம். அகப்பட்டுவிட்டேன், சொல்லிவிடுகிறேன். நீ போன புதிதில் கோயிலில் யசீகரன் கேட்டார், "மகள் எந்தக் கம்பஸ்?" அவருடைய மகன் மருத்துவம் படிக்கிறான், உனக்குத் தெரியும். யாரையும் சேர்த்துக்கொள்ளும் சமூகக் கல்லூரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவோடு சுற்றிப்பார்க்கப் போய் நீ ஒரு படம் அனுப்பினாயே, உனக்குப் பின்னால் ஒரு மணிக்கோபுரம்? அந்த இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்னதற்குச் சாட்சி வேண்டாமா? இணையத்தில் சுவெற்றரை வாங்கினேன். இரண்டு வருடமாகப் பிறந்தநாள், கலியாணம், கோயில் எல்லாவற்றுக்கும் அதுதான். அழுக்கானாலும் அம்மா மட்டும் அதைத் தொடவே மாட்டா. "உங்கட பொய்யை நீங்களே தோயுங்கோ" என்கிறா. நானேதான் தோய்க்கிறேன்.

இது மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும், பிள்ளை! கட்டாயம் கிடைக்கும்.

அன்புடன்
அப்பா


சன் ஹோசே
9 மே 2025

அப்பா!

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! உதவித்தொகையும் தருகிறார்கள். என் பாடங்கள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள். பெரியம்மா அழுகிறா, சிரிக்கிறா, எனக்கு ரொட்டி சுடுகிறா, எல்லாம் ஒரே நேரத்தில்.

சந்தோசத்தோடு இதையும் எழுதத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். என் கல்லூரி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஐம்பது வயதில் படிக்க வந்த பஸ் சாரதி. பின்னக் கணக்கில் நான் தடுமாறினால் அவர் சொல்லித்தருவார், அவர் தடுமாறினால் நான். விண்ணப்பக் கட்டுரையில் அவரைப் பற்றித்தான் எழுதினேன். அந்தக் கல்லூரியால்தான் இந்த இடம் கிடைத்தது. என் வாழ்க்கையில் நான் மிகக் கடுமையாக உழைத்த இரண்டு வருடத்தையும் நீங்கள் நடக்காததாக ஆக்கிவிட்டீர்களே.

என்னை நினைத்து உங்களுக்கு வெட்கமா அப்பா?

நிசா


மவுண்ட் ரோஸ்கில்
17 மே 2025

என் தங்கப் பிள்ளைக்கு,

செய்தி வந்த அன்று பஸ் ஓட்டும்போது டொமினியன் ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன். கோயிலுக்கு ஓடினேன். அங்கே போய் நின்றால், சொல்ல ஒருவர் இல்லை! எல்லோருக்கும் இரண்டு வருடப் பழைய செய்தி அது. யசீகரனிடம், "மகளுக்குக் கம்பஸ்..." என்று தொடங்கினேன். "ஓம் ஓம், தெரியும்தானே" என்று வடையைக் கடித்தார். உலகத்திலேயே பெரிய சந்தோசத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஓம், வெட்கப்பட்டேன். உனக்கும் பொய் எழுத எனக்கு மனமில்லை. பிள்ளை தோற்றுவிட்டாள், நானும் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். நீ அங்கே எழும்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. பிழை என்னுடையது. என்னை மன்னித்துக்கொள்.

அப்பா


சன் ஹோசே
30 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சலில் ஒரு பச்சைச் சுவெற்றர் இருக்கிறது. என் கல்லூரியுடையது. கல்லூரிக் கடையில் 'அப்பா' என்று எழுதியது இல்லை. அதனால் தமிழிலேயே நான் ஊசி நூலால் தைத்துவிட்டேன். எழுத்து கோணல்தான். போடுவதும் அலுமாரியில் வைப்பதும் உங்கள் விருப்பம்.

அன்புடன்
நிசா


மவுண்ட் ரோஸ்கில்
23 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

நேற்று அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். யசீகரன் பார்த்துவிட்டு, "இதென்ன புதுக் கம்பஸ்?" என்றார். எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன். "இரண்டு வருசமா இதுதான். மற்றது நான் விட்ட பொய். இப்பதான் மகள் அங்க மாறுறாள். நூறு பேரில ரெண்டு பேரை எடுக்கிறாங்கள், அதில ஒருத்தி என்ர பிள்ளை!" இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சாப்பாட்டு வரிசையில் யசீகரன் பின்னால் வந்து நின்றார். மெல்லக் கேட்டார், "தவராசா, எங்கட சின்ன மகள் மஹதிக்கும் கணக்கு வராது. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். உம்மட மகளோட ஒருக்காக் கதைக்க விடுவீரோ?" நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை போன் எடுத்தால் ஆறுதலாகப் பேசு.

மெரூன் சுவெற்றரை மடித்து வைத்துவிட்டேன். செப்டெம்பரில் நீ அங்கே காலடி வைக்கும் அன்றைக்கு எடுப்பேன்.

பச்சையைக் காலையில் தோய்க்கலாம் என்று தேடினால் காணவில்லை. இங்கே விடாத மழை. ஹீற்றருக்கு முன்னால் கதிரையில் விரித்து வைத்திருக்கிறது. அம்மா தோய்த்திருக்கிறா.

அன்புடன்
அப்பா